மலையின் கடிகாரத்தில் ஒரு மாலை

கோலாலம்பூரில் கணவனும் மனைவியும் இருவர் மட்டுமாக ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க வேண்டுமென்றால், ஒரு சின்னக் கல்யாணத்துக்குரிய முன்னேற்பாடு தேவைப்படுகிறது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதில் தொடங்கும். எத்தனை மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்ப முடியும், நெடுஞ்சாலை நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும், புக்கிட் பிந்தாங்கில் காரை எங்கே வைப்பது, உணவகத்தில் மேசை பதிவு செய்தாயிற்றா என்று ஒவ்வொன்றாக நீளும். எல்லாம் முடிந்து உட்காரும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். ஒன்பதரைக்குள், பிள்ளை தூங்க மறுக்கிறாள் என்று வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிடும். நடுவில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் பாதி, உணவுப் பட்டியலைப் புரட்டுவதிலேயே போயிருக்கும்.

இளையவர்கள் இதை ‘டேட் நைட்’ என்கிறார்கள். இந்தச் சொல்லைப் பெரியவர்கள் முன்னால் உச்சரிக்க நம் வீடுகளில் கொஞ்சம் கூச்சம் உண்டு. கல்யாணம்தான் ஆகிவிட்டதே, இன்னும் என்ன டேட் என்று கேட்டுவிடுவார்கள். ஆனால் கல்யாணம் ஆகி, இருவரும் வேலைக்குப் போய், வீட்டுக் கடனும் கார் கடனும் பாலர் பள்ளிக் கட்டணமும் சேர்ந்த பிறகுதான் அப்படி ஒரு பொழுது அதிகம் தேவைப்படுகிறது.

கடந்த ஆண்டு எங்களுக்கு அந்தத் தேவை ஒரு கெடுவோடு வந்தது. என் கணவருக்குச் சிங்கப்பூரில் ஒரு வேலை கிடைத்திருந்தது. இங்கு வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம். அவர் அங்கே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை இரவு பேருந்து ஏறி வீட்டுக்கு வந்து, ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். பதில் சொல்ல இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். அதில் பத்து நாள் ‘அப்புறம் பேசுவோம்’ என்று சொல்லியே கழிந்துவிட்டது. காலையில் நேரம் இல்லை. இரவில் தெம்பு இல்லை. நான்கு வயது மகள் தூங்கிய பிறகு பேச உட்கார்ந்தால், இருவரில் ஒருவர் பாதிப் பேச்சிலேயே கண்ணயர்ந்துவிடுவோம்.

“ரெண்டு பேரும் ஒரு நாள் எங்கயாவது போயிட்டு வாங்களேன். பிள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்று அம்மாதான் சொன்னார்.

எங்கே போவது என்பதற்கான பதிலும் அம்மாவிடமே இருந்தது. அவர் 27 ஆண்டுகள் கொழுந்து பறித்த கேமரன் மலை. நான் பிறந்து வளர்ந்ததும் அங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டில்தான். என் கணவரோ கிள்ளான்காரர். இரண்டு முறை மலைக்கு வந்திருக்கிறார். இரண்டுமே உறவினர் பட்டாளத்தோடு வாடகைப் பேருந்தில் வந்த பயணங்கள்.

எட்டு இடங்களில் மூன்று

கணவர் கணக்காய்வாளர். எதையும் அட்டவணை போட்டுத்தான் செய்வார். ஸ்ட்ராபெர்ரி பண்ணை, வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, தேனீப் பண்ணை, பாசி படர்ந்த காடு, தேயிலைத் தோட்டம், காய்கறிச் சந்தை, மலர்த் தோட்டம், கடைசியில் இரவு எட்டு மணிக்கு விருந்து என்று எட்டு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் குறித்திருந்தார்.

“இதுல நாம எந்த எடத்துல பேசப் போறோம்?” என்று கேட்டேன். அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வரிசையாக அழித்தார். கடைசியில் நின்றவை மூன்று. உட்கார்ந்து குடிக்க ஒரு தேநீர். சேர்ந்து நடக்க ஒரு பாதை. அவசரம் இல்லாமல் சாப்பிட ஓர் இரவு உணவு.

மலையை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். ரிங்லெட்டில் தொடங்கி தானா ராத்தா, பிரிஞ்சாங், கீ பார்ம் வரை எல்லா ஊர்களையும் கோப்பது ஒரே பிரதான சாலைதான். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் நாட்டின் பாதிக் கார்கள் அங்கேதான் நிற்கின்றனவோ என்று தோன்றும். தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங்குக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. விடுமுறை நாளில் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் ஒரு தமிழ்ப் படத்தின் இடைவேளை வந்துவிடும். எட்டு இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் நான்கு இடங்களையும், முன்னால் நிற்கும் காரின் பின்விளக்கையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

அதனால் இருவரும் புதன், வியாழன் விடுப்பு எடுத்தோம். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே மக்கள் மலையேறத் தொடங்கிவிடுவார்கள். வார நாளில் விடுதிக் கட்டணமும் குறைவு.

மேலே ஏறும் வழி

கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலை சுமார் 200 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா வரை போய், அங்கிருந்து பழைய மலைப்பாதையில் ஏறலாம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவுகள். வயிறு ஒத்துழைக்காதவர்கள் இன்னும் வடக்கே போய், ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயில் பிரியும் சாலையைப் பிடிக்கலாம். அது அகலமான சாலை, வளைவுகளும் மென்மையானவை. ஆனால் தலைநகரிலிருந்து வருபவர்களுக்குத் தூரம் கூடும்.

நாங்கள் தாப்பா வழியில்தான் போனோம். மகளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பியதால் அவசரம் இல்லை. லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்திக் கால் நனைத்தோம். சாலையோரத்தில் ஓராங் அஸ்லி மக்கள் தேனும் காட்டுப் பழங்களும் வைத்து விற்பார்கள். ஏறும்போதே கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டால் மலை வருவது மூக்குக்குத் தெரியும். முதலில் ஈரக் காட்டின் வாசனை, ரிங்லெட்டைத் தாண்டியதும் காய்கறித் தோட்டத்து எருவின் வாசனை. கணவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு வீடு வந்துவிட்டது.

ஒரே தேநீர், இரண்டு காட்சி

தேநீருக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது பிரிஞ்சாங்கைத் தாண்டியுள்ள சுங்கை பாலாஸ். போ நிறுவனத்தின் தோட்டம். (சிறு வயதில் ‘போ’வுக்குப் போ என்று சொல்லிச் சிரிப்போம்.) பிரதான சாலையிலிருந்து உள்ளே போகும் பாதை குறுகலானது. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கியாக வேண்டும். அந்தப் பாதையின் முடிவில், பள்ளத்தாக்குக்கு மேலே காற்றில் நீண்டு நிற்கும் பலகணியோடு ஒரு தேநீரகம். கீழே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சீவிவிட்ட தலைபோலத் தேயிலைச் சரிவுகள்.

இந்தக் காட்சிக்கு வயது நூறுகூட ஆகவில்லை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப் பகுதிக்கு வந்தது 1885-ல். அவர் பெயர்தான் மலைக்கு. ஆனால் அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பெரும்பாலும் காடுதான். 1929-ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதாரம் சரிந்த அதே ஆண்டு. ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், ஏராளமான கூலியாட்கள். இவற்றை வைத்துத்தான் செங்குத்தான காடு தோட்டமானது. ரஸ்ஸல் 1933-ல் இறந்துவிட்டார். அதே 1933-ல் இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாரத் தோட்டத்தைத் தொடங்கியது. ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே சாலையோரம் இருக்கும் கேமரன் வேலி தேநீரகம் அவர்களுடையது.

கணவர் பலகணியில் சாய்ந்து நின்று, “இந்தப் பச்சையப் பாத்தாலே மனசு இலேசாகுதுல்ல” என்றார். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. அந்தச் சரிவில் ஒரு வரிசையை முடிக்க எத்தனை நேரம் ஆகும், மழையில் எந்த இடம் வழுக்கும், கூடை நிறைந்ததும் எடை போடும் இடத்துக்கு எவ்வளவு தூரம் ஏற வேண்டும்.

அதை அவரிடம் சொன்னேன். அப்போதுதான் நாங்கள் பேசவே தொடங்கினோம் என்று நினைக்கிறேன்.

தேயிலை இயல்பில் மரமாக வளரக்கூடியது. இடுப்பளவில் நிற்பது வெட்டி வெட்டி நிறுத்தியதால்தான். துளிர்த்து வரும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் கொழுந்து. சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். முற்றவிட்டால் இலை வீண். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். அம்மாவின் முதுகில் ஏறிய எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் கடைக்குப் போனது. இந்தக் கணக்கு கணக்காய்வாளருக்கு உடனே பிடிபட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சரிவை மறுபடி பார்த்தார்.

இந்த வகைப் பலகணியில் அம்மா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கூட்டிப் போகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். “அங்க உக்காந்தா முதுகு சும்மா இருக்கேன்னு தோணும்” என்பார்.

பெரட்டு நேரம்

தேநீரகத்தில் நான்கு மணியை நெருங்கும்போதே நாற்காலிகளை அடுக்கத் தொடங்குவார்கள். தோட்டத்துத் தேநீரகங்கள் பெரும்பாலும் மாலை நான்கரை, ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடும். நகரத்திலிருந்து வருபவர்களுக்கு இது அதிர்ச்சி. நமக்கு மாலை என்பது ஏழரைக்குத் தொடங்குவது. மலைக்கு அது முடிந்துபோன பொழுது.

ஏன் அப்படி என்று கணவர் கேட்டார். தேயிலைத் தோட்டத்தின் கடிகாரத்தைக் கொழுந்துதான் ஓட்டுகிறது. வெயில் ஏறுமுன் பறிக்கத் தொடங்க வேண்டும், அன்று பறித்தது அன்றே தொழிற்சாலைக்குள் போக வேண்டும். அதனால் எங்கள் தோட்டத்தில் பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, விடியுமுன்பே நடக்கும். மண்டோர் பெயர் கூப்பிடும்போது எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். மாலையில் சீக்கிரமே சமையல், சீக்கிரமே தூக்கம்.

இதில் அம்மா அடிக்கடி சொல்லும் ஒரு கதை உண்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். சூரியன் அரசாங்க உத்தரவைக் கேட்காது. முன்பு ஆறே முக்கால் வாக்கில் உதித்தது, அதன் பிறகு கடிகாரப்படி ஏழே கால் வாக்கில் உதித்தது. பெரட்டு மணி மட்டும் மாறவில்லை. “கவர்மெண்டு எனக்கு அரை மணி இருட்டு சேத்துக் குடுத்துச்சு” என்பார் அம்மா.

அப்படிப்பட்ட வாழ்க்கையில் அப்பாவும் அம்மாவும் தனியாகப் பேசிக்கொள்ள ஏது நேரம்? இருந்தது. சம்பளம் போட்ட முதல் ஞாயிறு. அன்று தோட்டத்து லாரி தானா ராத்தாவுக்குப் போகும். என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு இருவரும் ஏறுவார்கள். மளிகை வாங்குவதுதான் வேலை. ஆனால் மளிகைக்கு இரண்டு பேர் தேவையில்லை என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். சாமான் வாங்கிய பிறகு ஒரு கடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ரொட்டி சானாய், ஒரு தேநீர். லாரி கிளம்பும்வரை திடலைச் சுற்றி நடை. அம்மா அன்று மட்டும் ஊதாப்பூப் போட்ட சேலை கட்டுவார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு மீ கோரெங் பொட்டலம் வரும். அது ஆறிப் போயிருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

1996-ல் அப்பா கட்டுமான வேலைக்குச் சிங்கப்பூர் போனார். எனக்கு அப்போது ஆறு வயது. நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். பணம் மாதம் தவறாமல் வந்தது. அதில்தான் நான் விடுதியில் தங்கிப் படித்தேன், அந்தப் பணத்தைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சம்பள ஞாயிறு நின்றுபோனது. அப்பா திரும்பி வந்த பிறகும் அது மறுபடி தொடங்கவில்லை. இருவரும் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. பேசிக்கொள்ளும் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் கணவரிடம் எட்டு ஆண்டு மணவாழ்க்கையில் நான் சொன்னதில்லை. மறைத்ததில்லை, சொல்ல ஒரு மதியம் வாய்க்கவில்லை.

இருட்டுமுன் ஒரு நடை

மலையில் காட்டுப் பாதைகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எளிதானவையும் உண்டு, கடினமானவையும் உண்டு. எதுவானாலும் மாலையில் கிளம்புவதற்கு உகந்தவை அல்ல. தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவக் கிளம்பினார். திரும்பவே இல்லை. பெரிய தேடுதல் நடந்தும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. மூடுபனி இறங்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் மர்மக் கதையாகத் தோன்றாது.

நாங்கள் காட்டுக்குள் போகவில்லை. பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி சுவாமி ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, தானா ராத்தாவுக்கு வந்து, ஊருக்குள்ளேயே நடந்தோம். தானா ராத்தா என்றால் மலாயில் சமதளம். மலைமேல் கிடைத்த தட்டையான நிலம், நடக்கப் பிறந்த ஊர். ஆறரை மணிக்குக் குளிர் சட்டைக்குள் இறங்கியது. இரவில் 16 டிகிரி அளவுக்குக் குறையும் ஊர் இது. கோலாலம்பூரில் நடக்கும்போது ஆளுக்கொரு பக்கம் வியர்த்துக்கொண்டு விலகி நடப்போம். இங்கே குளிர் தானாகவே இருவரையும் ஒட்டி நடக்க வைக்கிறது. ஒரு மாலைக்கு இதைவிடப் பெரிய ஏற்பாட்டை எந்த ஐந்து நட்சத்திர விடுதியாலும் செய்துவிட முடியாது.

இரவு உணவு ஏழு மணிக்கு. பிரதான சாலையில் வரிசையாக இந்திய உணவுக் கடைகள் இருக்கின்றன. மலைக் காய்கறிகளோடு கொதிக்கும் ஸ்டீம்போட்டும் இங்கே பெயர் பெற்றது. நாங்கள் தோசையும் சூடான தேநீரும் சொன்னோம். கைத்தொலைபேசிகள் இரண்டும் காரில் இருந்தன. அவசரமென்றால் அழைக்க, விடுதி எண்ணை அம்மாவிடம் கொடுத்திருந்தோம். முதல் தோசை முடிவதற்குள் சிங்கப்பூர் மேசைமேல் வந்துவிட்டது. எவ்வளவு மிஞ்சும், எத்தனை ஆண்டு, மகள் எந்தப் பள்ளிக்குப் போவாள், அம்மாவை யார் பார்ப்பது. அவர் கையில் வேலைக்கு ஆதரவான கணக்கு இருந்தது. கணக்கு சரியானதுதான். “கணக்குல சம்பள ஞாயித்துக்கு எந்த வரிசை?” என்று கேட்டேன். சிரிக்கவில்லை. நீண்ட நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு முடிவு எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு ஊர் அடங்கத் தொடங்கியது. நாங்களும் கம்பளிக்குள் அடங்கினோம்.

விடியலும் டேட் நைட்டில் சேரும்

மலையில் இரவைவிட விடியல்தான் பெரிய விருந்து. காலை ஆறரைக்கு ஒரு குடுவையில் தேநீர் வாங்கிக்கொண்டு, ரிங்லெட் சாலையோரம் தேயிலைச் சரிவு தெரியும் ஓரிடத்தில், வண்டியை ஒதுக்கி நிறுத்திக் காத்திருந்தோம். ஏழு மணிக்கு மேல்தான் வெளிச்சம் முழுதாக வந்தது. பள்ளத்தாக்கில் பால்போலப் பனி. அதற்குள்ளிருந்து முதலில் குரல்கள் வந்தன, பிறகு ஆட்கள். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். பல சரிவுகளில் கைக்குப் பதில் கத்தரிக்கோலும் இயந்திரமும் வந்துவிட்டன. தமிழர்களில் பெரும்பாலோர் என்னைப் போல நகரத்துக்கு இறங்கிவிட்டார்கள். இருந்தாலும் போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இந்த மலையில் இருக்கின்றன.

ஓர் இளைஞர் இயந்திரத்தைத் தோளில் மாட்டியபடி, ஒரு கையில் கைத்தொலைபேசியைப் பிடித்து யாரிடமோ பேசிக்கொண்டே சரிவில் ஏறினார். திரையில் ஒரு பெண்ணின் முகமும் குழந்தையின் முகமும் தெரிந்தன. அவர் ஊரில் அப்போது விடிந்திருக்குமா தெரியாது. கணவர் அவர் மறையும்வரை பார்த்தார்.

“போனா எல்லாருமா போவோம். அதுக்கு வழியில்லன்னா வேணாம்” என்றார்.

அன்று மதியம் மலையிறங்கும் முன்பே அந்த நிறுவனத்துக்கு எழுதினார். குடும்பத்தோடு இடம்பெயர உதவி உண்டா, அல்லது மாதத்தில் பாதி நாள் கோலாலம்பூரிலிருந்து வேலை செய்யலாமா என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தது. அவர் இப்போதும் கோலாலம்பூரில்தான் இருக்கிறார். கார் கடன் முடிய இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. அந்தச் சம்பளம் வந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்று சில மாதக் கடைசியில் எனக்கும் தோன்றுவதுண்டு.

நீங்களும் போவதென்றால்

வார நாளைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடுமுறையைத் தவிருங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை அதிகம், மண் சரிவுச் செய்திகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தாப்பாவிலேயே எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வாருங்கள். தேநீரகத்துக்கு மூன்று மணிக்குள் போய்விடுங்கள். சில இடங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும், முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் சுங்கை பாலாஸை விட்டு, ஹாபு பக்கமுள்ள போ நிறுவனத்தின் பழைய தோட்டத்துக்குப் போகலாம். குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டருக்கு மேல். அங்கே போக ஆசைப்பட்டால் அதற்கென்று தனியாக ஒரு காலையை ஒதுக்குங்கள், இந்த மாலையோடு சேர்க்க வேண்டாம். கம்பளிச் சட்டை கட்டாயம். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு விடுதி எண், மருந்து, தூங்கும் நேரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பாதி நிம்மதி அந்தத் தாளில் இருக்கிறது.

எந்த ஊருக்குப் போனாலும், நம் நேரத்துக்கு அந்த ஊரை வளைக்காமல், அந்த ஊரின் நேரத்துக்கு நாம் வளைந்தால் மாலை தானாக நீளும். கோலாலம்பூருக்கும் இது பொருந்தும். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் புக்கிட் பிந்தாங்கில் கிடைக்காத அமைதி, ஞாயிறு காலை ஏழரைக்கு இரட்டைக் கோபுரப் பூங்காவில் இலவசமாகக் கிடைக்கிறது. காரை விட்டுவிட்டு ரயிலில் போனால், நிறுத்துமிடம் தேடும் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடலாம்.

எங்கள் வீட்டு நாட்காட்டியில் இப்போது ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்குப் பிந்திய முதல் ஞாயிறு வட்டமிடப்பட்டிருக்கிறது. அம்மாவிடம் மகளை விட்டுவிட்டுப் பிரிக்பீல்ட்ஸ் வரை போய் வருகிறோம். மளிகை வாங்கத்தான். திரும்பும்போது மகளுக்கு ஒரு மீ கோரெங் பொட்டலம். போன மாதம் அதைச் சுடவைத்துக் கொடுத்தேன். வேண்டாம், ஆறினதுதான் வேண்டும் என்றாள்.